ஒரே பட்டையில் இருவர்: ஹாம் வானொலியும் காவல்துறையின் எறி ரோபோவும்

உடற்பயிற்சிக்கூடத்தில் கிடக்கும் சிறிய டம்பெல்லைப் போலத் தோற்றமளிக்கும் ரோபோ அது. இரு முனைகளிலும் சக்கரங்கள், நடுவில் ஓர் உருளை, அந்த உருளைக்குள் ஒரு கேமரா. எடை அரைக் கிலோவைச் சற்றே தாண்டும். பணயக்கைதிகளைப் பிடித்துவைத்துக்கொண்டு ஒருவன் உள்ளே பதுங்கியிருக்கும் வீட்டுக்குள், காவலர் எவரும் காலடி வைப்பதற்கு முன்பாக, ஜன்னல் வழியே இதை எறிந்துவிடலாம். ஏறத்தாழ 9 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கிக்கொண்டு, அறை அறையாக உருண்டு சென்று, யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை வெளியே காத்திருக்கும் காவலரின் கையிலுள்ள சிறு திரைக்கு அது அனுப்பிக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ரீகான்ரோபாட்டிக்ஸ் என்ற நிறுவனம் 'ரீகான் ஸ்கவுட்' என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஓர் உயிரையேனும் காப்பாற்றக்கூடிய கருவி என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. கருத்து வேறுபாடு எழுந்தது, அந்தப் படம் எந்த அலைவரிசையில் வெளியே வருகிறது என்பதில்தான்.

ரீகான் ஸ்கவுட் படத்தை அனுப்பியது 430 முதல் 448 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். அமெரிக்க அலைவரிசை அட்டவணைப்படி அந்தப் பகுதியில் காவல்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ இடம் கிடையாது. முதல் உரிமை நாட்டின் ராணுவ ராடார்களுக்கு. அடுத்த உரிமை ஹாம்கள் என்று நாம் அழைக்கும் அமெச்சூர் வானொலியாளர்களுக்கு. எனவே, விதியிலிருந்து தனக்கு விலக்களிக்க வேண்டும் என்று அந்த நிறுவனம் 2008இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்திடம், அதாவது எஃப்.சி.சி.யிடம், விண்ணப்பித்தது. ஹாம்களின் தேசிய அமைப்பான ஏ.ஆர்.ஆர்.எல். எதிர்த்தது. 2010 பிப்ரவரியில் ஆணையம் நிபந்தனைகளுடன் விலக்களித்தது. உலக அளவில் பார்த்தால் சிறிய விவகாரம்தான். ஆனாலும், பொதுமக்கள் பாதுகாப்புக் கருவிகளும் ஹாம்களும் ஒரே அலைவரிசையைப் பகிரும்போது உண்மையில் எது உடைகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அலைவரிசைகளுக்கு வரிசைமுறை உண்டு. அடுத்தடுத்த அலைவரிசைகளின் தொகுப்பான ஒரு பட்டையைப் பல பணிகளுக்கு ஒதுக்கும்போது சிலவற்றுக்கு முதன்மை உரிமையும் சிலவற்றுக்கு இரண்டாம்நிலை உரிமையும் தரப்படுகின்றன. இரண்டாம்நிலையில் இருப்பவர், முதன்மை உரிமையாளருக்குக் குறுக்கீடு செய்யக்கூடாது. முதன்மை உரிமையாளரால் தமக்கு ஏற்படும் குறுக்கீட்டைப் பற்றிப் புகார் கூறவும் முடியாது. இந்த இரண்டு வரிகளுக்குள்தான் பகிர்வின் சட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் 420 முதல் 450 மெகாஹெர்ட்ஸ் வரை ஹாம்கள் இரண்டாம்நிலையில் இயங்குகிறார்கள். அலைநீளத்தைக் கொண்டு இதை 70 சென்டிமீட்டர் பட்டை என்பார்கள். உலகின் பல நாடுகளில் இந்தப் பட்டை 430 முதல் 440 வரை சுருங்கிவிடும். இந்தியாவில் அதனினும் குறுகலாக, 434 முதல் 438 வரை. அதில் 435 முதல் 438 வரையிலான துண்டு அமெச்சூர் செயற்கைக்கோள்களுக்கென உலகெங்கும் பயன்படுவது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-6 ராக்கெட்டில் சென்ற ஹாம்சாட் செயற்கைக்கோளுக்கு, சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஹாம்கள் குரல் அனுப்ப வேண்டியிருந்ததும் இதே 435 மெகாஹெர்ட்ஸ் வழியாகத்தான். ஒரு நாட்டின் ஆணையம் தன் எல்லைக்குள் எடுக்கும் முடிவு, விண்ணில் சுற்றும் ஒரு பொதுச் சொத்தின் மீதும் நிழலிடும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இந்தப் பட்டையில் ஹாம்கள் என்ன செய்கிறார்கள் என்பதை அறியாதவர்களுக்கு எதிர்ப்பின் காரணம் புரியாது. 432 மெகாஹெர்ட்ஸை ஒட்டி, நிலவில் அலையை மோதவிட்டு எதிரொலியைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பூமியிலிருந்து கிளம்பிய அலை நிலவைத் தொட்டுத் திரும்ப ஏறத்தாழ இரண்டரை நொடி ஆகும். அந்தப் பயணத்தில் சமிக்ஞை இழக்கும் வலிமை சுமார் 260 டெசிபல். ஒன்றுக்குப் பின்னால் 26 சுழியங்களை இட்டு, அனுப்பிய ஆற்றலை அந்த எண்ணால் வகுத்தால் கிடைக்கும் துளியைத்தான் அவர்கள் பெரிய ஆன்டெனாக்களை நிலவை நோக்கித் திருப்பிவைத்துக்கொண்டு தேடுகிறார்கள். அதே பட்டையின் இன்னொரு மூலையில், 439.25 மெகாஹெர்ட்ஸ் போன்ற இடங்களில், அமெச்சூர் தொலைக்காட்சி நடத்துபவர்கள் உண்டு. நகரும் படத்தை இந்தப் பட்டையில் அனுப்பும் வழக்கம் ரோபோவோடு பிறந்ததன்று. 440க்கு மேலே ரிப்பீட்டர்கள் இருக்கின்றன. மலையுச்சியிலோ உயர்ந்த கட்டடத்தின் மேலோ நின்று, கையிலுள்ள சிறு கருவியின் வலுக்குறைந்த குரலை வாங்கி, வலுவோடு மறு ஒலிபரப்புச் செய்து, ஒரு மாவட்டம் முழுவதற்கும் கேட்கவைப்பவை இவை. புயலோ காட்டுத்தீயோ வந்து கைப்பேசிக் கோபுரங்கள் சாயும் நாளில் நிவாரண முகாமுக்கும் மருத்துவமனைக்கும் இடையே செய்தி கொண்டு செல்வதும் பெரும்பாலும் இந்த ரிப்பீட்டர்களே. 2005இல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் தென்கரையைச் சிதைத்தபோது ஹாம்கள் ஆற்றிய பணி அந்நாட்டில் இன்றும் நன்றியோடு நினைக்கப்படுகிறது. ஆகவே, இந்த வழக்கைப் பொதுமக்கள் பாதுகாப்பு ஒரு பக்கம், பொழுதுபோக்கு மறுபக்கம் என்று பிரித்துப் பார்ப்பது தொடக்கத்திலேயே தவறாகிவிடும்.

பகிர்வு என்பது இவர்களுக்குப் புதிதும் அன்று. முதன்மை உரிமையாளரான ராணுவத்தோடு பல பத்தாண்டுகளாக இவர்கள் இந்தப் பட்டையைப் பகிர்ந்து வருகிறார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் பகுதியிலும் கலிஃபோர்னியாவின் பீல் விமானப்படைத் தளத்திலும் 'பேவ் பாஸ்' என்ற பெயருடைய ராடார்கள் நிற்கின்றன. கடலுக்கடியிலிருந்து ஏவப்படும் ஏவுகணைகளை 5,000 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்தே கண்டுகொள்ளும் நோக்கில் கட்டப்பட்டவை. சாய்ந்த இரண்டு முகங்களில், முகத்துக்கு 1,792 என்ற கணக்கில், அலை அனுப்பி வாங்கும் சிறு ஆன்டெனா உறுப்புகளைக் கொண்டவை. அவை இயங்குவதும் 420 முதல் 450 மெகாஹெர்ட்ஸ் வரையில்தான். 2007இல், சுற்றுவட்டார ஹாம் ரிப்பீட்டர்கள் ராடாருக்கு இடையூறாக இருப்பதாக அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கூறியது. மாசசூசெட்ஸில் பதினைந்து, கலிஃபோர்னியாவில் நூற்றுக்கும் மேல் என்று நிலையங்கள் அடையாளம் காணப்பட்டன. எவ்வளவு வலுவைக் குறைக்க வேண்டும் என்பது நிலையத்துக்கு நிலையம் வேறுபட்டது. சிலவற்றுக்கு அது 50 டெசிபலையும் தாண்டியது. நூறு வாட்டில் இயங்கிய நிலையத்தை ஒரு மில்லிவாட்டுக்கு இறக்கு என்பதே அதன் பொருள், அதாவது நிலையத்தை மூடு என்பதே. ஹாம்களுக்கு அது வலித்தது, ஆனாலும் ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தப் பகிர்வு ஏன் நிலைத்தது என்பது கவனிக்கத்தக்கது. ராடார் நகர்வதில்லை. அது எங்கே நிற்கிறது, எந்தத் திசையைப் பார்க்கிறது, எவ்வளவு நுட்பமாகக் கேட்கிறது என்பது தெரியும். ரிப்பீட்டரும் நகர்வதில்லை, அதன் இடம், உயரம், வலு எல்லாம் பதிவில் உள்ளன. இரண்டு நிலையான புள்ளிகளுக்கு இடையே அளந்து பார்க்கலாம், எண்களை மேசைமேல் வைத்துப் பேசலாம், குறைக்கச் சொல்லலாம், குறைத்த பிறகு மீண்டும் அளக்கலாம். முதன்மை, இரண்டாம்நிலை என்ற வரிசைமுறை வேலை செய்ய வேண்டுமானால் இப்படிப்பட்ட அளவீட்டுக்கு வழி இருக்க வேண்டும். எறி ரோபோவிடம் இல்லாமற்போனது இதுவே.

அந்த நிறுவனம் வேண்டுமென்றே ஹாம்களின் இடத்தைத் தேடி வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த ரோபோவின் வேர், அமெரிக்க ராணுவ ஆய்வு முகமையான டார்ப்பாவின் நிதியுதவியுடன் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில் இருக்கிறது. ராணுவம் 420 முதல் 450 வரையிலான பட்டையைத் தன் சொந்த உரிமையிலேயே பயன்படுத்தலாம். ராணுவத்துக்குப் பொருந்திய அதே கருவியைக் காவல்துறைக்கு விற்க முனையும்போதுதான், ஒரே நாட்டுக்குள் இரண்டு சட்டங்களின் எல்லைக்கோட்டைக் கருவி தாண்ட வேண்டியிருக்கிறது. இயற்பியலும் அந்த நிறுவனத்தின் பக்கம் பேசியது. 435 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 69 சென்டிமீட்டர். சுவர், கதவு, படிக்கட்டு இவற்றைக் கடந்து வெளியேற இந்த நீளம் உதவும். அமெரிக்கக் காவல்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் என்றே 4.9 கிகாஹெர்ட்ஸில் 50 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டை ஒன்று 2002இலேயே ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே அலைநீளம் வெறும் 6 சென்டிமீட்டர். கான்கிரீட் கட்டடத்தின் அடித்தளத்தில் தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டிருக்கும் கருவிக்கு அந்த அலை எளிதில் கைகொடுக்காது. வேறு பட்டைகள் இருக்கும்போது இது எதற்கு என்று ஏ.ஆர்.ஆர்.எல். கேட்ட கேள்வி நியாயமானது. அதற்கு அந்த நிறுவனம் சுவர்களைக் காட்டிச் சொன்ன பதிலும் நியாயமானதே.

ஆணையம் விலக்களித்தபோது விதித்த நிபந்தனைகளில் மூன்று முக்கியமானவை. பட்டையை 430–436, 436–442, 442–448 என்று ஆறு மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள மூன்று வழிகளாகப் பிரித்துக்கொண்டு, உச்ச வலு ஒரு வாட் என்ற அளவில் கருவி இயங்க வேண்டும். அதை வாங்கும் காவல்துறையோ தீயணைப்புத் துறையோ முறைப்படி உரிமம் பெற வேண்டும். மூன்றாவதே எல்லாவற்றிலும் கனமானது: ராணுவ நிலையங்களுக்கு மட்டுமன்றி, உரிமம் பெற்ற மற்றவர்களுக்கும் இந்தக் கருவி கீழ்நிலையில்தான் இருக்கும். ராணுவ நிலையங்களுக்கு இது குறுக்கீடு செய்யக்கூடாது, தனக்கு நேரும் எந்தக் குறுக்கீட்டையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை வாசகம் கருவியின் மேல் ஒட்டப்பட வேண்டும் என்றும் ஆணை கூறியது. வலு சிறியது, இயங்கும் நேரம் குறைவு, இயங்குவதும் பெரும்பாலும் கட்டடத்துக்குள்ளே, எனவே ஹாம்களுக்குப் பெரிய பாதிப்பு நேராது என்பது ஆணையத்தின் கணிப்பு. இதை மறுபரிசீலனை செய்யுமாறு ஏ.ஆர்.ஆர்.எல். வேண்டியும் ஆணையம் தன் முடிவில் நின்றது.

தாளில் பார்த்தால் ஒழுங்கான ஏணி. மேல்படியில் ராடார், நடுப்படியில் ஹாம், அடிப்படியில் ரோபோ. ஹாம்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது என்றுகூடச் சொல்லத் தோன்றும். அவர்கள் திருப்தியடையாததற்குக் காரணம், ஏணியில் யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பதைக் காட்டிலும், யாருடைய குரல் யாருக்குக் கேட்கிறது என்பதே களத்தில் முடிவைத் தீர்மானிக்கும் என்று அனுபவத்தில் அறிந்திருந்ததே. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ரோபோ ஒரு கட்டடத்துக்குள் இருக்கிறது. காவலரின் திரை நூறு மீட்டர் தள்ளித் தெருவில் இருக்கிறது என்று கொள்வோம். தடையில்லாத வெளியில் நூறு மீட்டரைக் கடக்கும்போது இந்த அலைவரிசை இழப்பது ஏறத்தாழ 65 டெசிபல். கட்டடச் சுவர்களுக்கும், தரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்திலேயே இருக்கும் ஆன்டெனாவுக்குமாகச் சேர்த்து இன்னும் 40 டெசிபல் கழித்துக்கொள்வோம். கான்கிரீட் கட்டடத்துக்கு இது மிகையான எண் அன்று. மொத்தம் 105. இப்போது, பத்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள குன்றின் மேல் ஒரு ஹாம் ரிப்பீட்டர், தெருவில் நிற்கும் அந்தக் காவலரை நேரடியாகப் பார்க்கும் நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தடையற்ற பத்து கிலோமீட்டரின் இழப்பும் அதே 105 டெசிபல்தான். ரோபோ அனுப்புவது ஒரு வாட். ரிப்பீட்டர் அனுப்புவது நூறு வாட். பத்து கிலோமீட்டர் அப்பாலிருக்கும் ரிப்பீட்டர், நூறு மீட்டரில் இருக்கும் ரோபோவைவிட நூறு மடங்கு வலுவோடு காவலரின் கருவிக்குள் நுழைகிறது. ரிப்பீட்டரின் அலைவரிசை ரோபோவின் ஆறு மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள் எங்கே விழுந்தாலும் அனலாக் படத்தில் கோடுகள் ஓடும். வலு மிகுந்தால் படம் கரைந்தே போகும். மேலே குறிப்பிட்ட நிபந்தனைப்படி அந்தக் குறுக்கீட்டைக் காவலர் ஏற்றுக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் துப்பாக்கியோடு ஒருவன் நிற்கும்போது, உள்ளே செல்லவிருப்பவரிடம் ஏற்றுக்கொள் என்று சொல்வது எத்தகைய சொல் என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

மறுபக்கத்தில் ஹாமுக்கு என்ன நேரும் என்பது இடத்தைப் பொறுத்தது. ரிப்பீட்டரில் பேசிக்கொண்டிருப்பவருக்கு ஒன்றுமே தெரியாமல் போகலாம். நிலவின் எதிரொலியைத் தேடுபவருக்கோ, அடிவானத்தில் எழும் செயற்கைக்கோளின் மெல்லிய குரலைப் பின்தொடர்பவருக்கோ, சில தெருக்கள் தள்ளி இயங்கும் ஒரு வாட் அந்த மாலையையே விழுங்கிவிடும். ஆயினும் ஹாம் இழப்பது ஒரு மாலையைத்தான், காவலர் இழக்கக்கூடியது அதைவிட எவ்வளவோ பெரிது என்பதை ஹாம்களே முதலில் ஒப்புக்கொள்வார்கள். ஏ.ஆர்.ஆர்.எல். முன்வைத்த வாதங்களில் என்னை மிகவும் ஈர்த்ததும் இதுவே: ஹாம்களுக்குக் கெடுதல் என்பதோடு நிறுத்தாமல், இந்தப் பட்டை காவலர்களுக்கே ஏற்றதன்று என்றும் அது சொன்னது.

சட்டத்தின் ஏணி தலைகீழாகப் புரளும் இடமும் இதற்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்க அமெச்சூர் விதிகளின் 97ஆம் பகுதியில் ஒரு கட்டளை உண்டு. எந்நேரத்திலும், எல்லா அலைவரிசைகளிலும், அவசரகாலத் தகவல்தொடர்பில் ஈடுபட்டிருக்கும் நிலையத்துக்கு ஹாம் முன்னுரிமை தர வேண்டும் என்பதே அது. இந்தச் சமூகத்தின் தன்மதிப்பு அந்த வரியின் மேல்தான் நிற்கிறது. எந்த ஹாமும் அதை மீற விரும்பமாட்டார். ஆகவே, விலக்காணையின்படி அடிப்படியில் நிற்கும் ரோபோ, உயிருக்கு ஆபத்து என்று ஆன நொடியிலேயே ஹாமுக்கு மேலே ஏறிவிடுகிறது. அதில் தவறில்லை. ஹாம் அதை எப்படி அறிவார் என்பதே கேள்வி. அவருடைய கருவியில் ரோபோவின் படம் படமாகத் தெரியாது. ஒரு ரீங்காரமாகக் கேட்கும். தன்னை அடையாளம் காட்டும் அழைப்புக்குறியைச் சொல்லாத, குரலில்லாத, பத்து நிமிடத்தில் வந்து மறையும் ரீங்காரம். பக்கத்து வீட்டின் பழுதான மின்கருவியும் அப்படித்தான் ஒலிக்கும். காவலருக்கும் அதே இருட்டு. அவர் திரையில் கோடுகள் ஓடினால், மின்கலம் தீர்கிறதா, சுவர் தடிமனா, யாரேனும் வேண்டுமென்றே தடுக்கிறார்களா, பத்து கிலோமீட்டர் அப்பால் இரண்டு நண்பர்கள் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்களா என்பதை அவரால் பிரித்தறிய முடியாது. ஒருவரையொருவர் அடையாளம் காண முடியாத இருவருக்கு இடையே யார் விலக வேண்டும் என்று எழுதிவைத்த விதி, நீதிமன்றத்தில் உதவலாம். அந்தத் தெருவில் உதவாது.

ராடாரையும் ரோபோவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். ராடாரின் பக்கம் முன்கூட்டியே பேசுவதற்கு ஒரு மேசை இருந்தது. ரோபோவுக்கு அந்த மேசை கிடையாது, ஏனென்றால் அது எந்த வீட்டுக்குள் எறியப்படும் என்பது எறியப்படும் நாள் வரை யாருக்கும் தெரியாது. ஆணையம் தேர்ந்தெடுத்த வழிமுறையும் இந்தக் குறையை ஆழப்படுத்தியது என்றே நான் கருதுகிறேன். ஒரு நிறுவனத்தின் ஒரு கருவிக்கு விலக்களிப்பது விரைவான வழி. அதற்கு மாறாக, காவல்துறை ரோபோக்கள் அனைத்துக்கும் எந்தப் பட்டை பொருந்தும், படத்தை அலையில் ஏற்றும் முறைகளில் (பண்பேற்றம்) எது குறுக்கீட்டைத் தாங்கும், கருவி தன்னை எப்படி அடையாளம் காட்டிக்கொள்ள வேண்டும் என்பவற்றையெல்லாம் பொது விதியாக்கத்தில் எடுத்துப் பேசியிருந்தால் கூடுதல் காலம் பிடித்திருக்கும். ஆனால் விடை ஒரு நிறுவனத்தைக் கடந்து பயன்பட்டிருக்கும். குறிப்பாக, தன் வழியில் வேறொரு சமிக்ஞை இருப்பதைக் கேட்டறிந்து தானாகவே மற்றொரு வழிக்கு மாறும் திறனை இத்தகைய கருவிகளுக்குக் கட்டாயமாக்குவது பற்றி அப்போதே பேசியிருக்கலாம்.

இந்தக் கவலைக்கு ஹாம்களின் வரலாற்றிலும் காரணம் உண்டு. 1958இல் அவர்களிடமிருந்த 11 மீட்டர் பட்டை பொதுமக்கள் வானொலிக்காக எடுக்கப்பட்டது. 1988இல் 220 முதல் 222 மெகாஹெர்ட்ஸ் வரையிலான துண்டு தரைவழி வணிகப் பயன்பாட்டுக்காக அவர்களிடமிருந்து பிரிக்கப்பட்டது. ரோபோவுக்கு விலக்களித்த மறு ஆண்டே, 2011 பிப்ரவரியில், நியூயார்க் உறுப்பினர் பீட்டர் கிங் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் எச்.ஆர். 607 என்ற மசோதாவைக் கொண்டுவந்தார். காவல்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் 700 மெகாஹெர்ட்ஸில் அகன்ற பட்டை ஒன்றைத் தருவது அதன் நோக்கம். அதற்கு ஈடாக ஏலத்துக்கு விட முன்மொழிந்தவற்றுள் 420 முதல் 440 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியும் இருந்தது. ஹாம்கள் நாடெங்கும் தம் பிரதிநிதிகளுக்கு எழுதினார்கள். 2012 பிப்ரவரியில் நிறைவேறிய சட்டம், காவல், தீயணைப்புத் துறைகளுக்கு 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையைத் தந்து, அவர்களுக்கான தேசிய வலையமைப்புக்கும் வழி வகுத்தது; 70 சென்டிமீட்டர் பட்டையைத் தொடவில்லை. அண்மையில், 2024 ஏப்ரலில், நெக்ஸ்ட்நேவ் என்ற நிறுவனம் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை மறுசீரமைக்குமாறு ஆணையத்திடம் கேட்டது. ஜி.பி.எஸ். செயலிழந்தால் மாற்றாக நிற்கக்கூடிய இடங்காட்டும் சேவை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம், அந்தப் பட்டையிலும் ஹாம்கள் இரண்டாம்நிலையில் இருக்கிறார்கள், ஏ.ஆர்.ஆர்.எல். அங்கும் எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறது. பாதுகாப்பு என்ற சொல்லை எதிர்த்து வாதிடுவது கடினம், பேரிடர் நாளில் தாங்களே பாதுகாப்புப் பணியாளர்களாக மாறுகிறவர்களுக்கு அது இன்னும் கடினம்.

ரோபோ விவகாரத்துக்குத் திரும்பினால், ஆணையத்தின் கதவைத் தட்டாமலேயே உள்ளூர் அளவில் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. அமெரிக்காவின் ஒவ்வொரு பகுதியிலும், எந்த ரிப்பீட்டர் எந்த அலைவரிசையில் எங்கிருந்து இயங்கலாம் என்பதை ஒருங்கிணைக்கும் தன்னார்வ ஹாம் குழுக்கள் இருக்கின்றன. அவற்றின் பட்டியலில் அலைவரிசை, இடம், பொறுப்பாளர் எல்லாம் உள்ளன. ஒரு நகரத்தின் மூன்று ரோபோ வழிகளில் எது நெரிசலானது, எது காலியானது என்பதை அந்தப் பட்டியலைக் கொண்டு அரை மணி நேரத்தில் வரைபடத்தில் குறித்துவிடலாம். ரிப்பீட்டரைத் தொலைவிலிருந்தே நிறுத்துவதற்கான ஏற்பாட்டைப் பொறுப்பாளர்கள் பெரும்பாலும் வைத்திருக்கிறார்கள். முற்றுகை நடக்கும் இரவில் காவல் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு போனால், குன்றின் மேல் இருக்கும் நூறு வாட் ஒரு நிமிடத்துக்குள் மௌனமாகிவிடும். அதற்கு மறுப்புச் சொல்லும் பொறுப்பாளர் ஒருவர்கூட இருக்கமாட்டார் என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்த அழைப்பு போவதற்கு, யாரை அழைப்பது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். காவல்துறையின் சிறப்புப் படையினர் பயிற்சி நாளொன்றில் ஆளில்லாத கட்டடத்துக்குள் ரோபோவை எறியும்போது, உள்ளூர் ஹாம் ஒருவரையும் வெளியே நிறுத்திக்கொள்ளலாம். மூன்று வழிகளையும் ஒவ்வொன்றாக மாற்றி, எதில் படம் தெளிவாக வருகிறது, எதில் எந்த ரிப்பீட்டர் கோடு போடுகிறது, ஹாமின் கருவியில் அந்த ரீங்காரம் எவ்வளவு தொலைவு வரை கேட்கிறது என்று இருவரும் சேர்ந்து குறித்துக்கொள்ளலாம். அன்று காவலர், தன் கருவியில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை வாசகம் எதைக் குறிக்கிறது என்பதைத் திரையிலேயே கண்டுகொள்வார். ஹாமும் அந்த ரீங்காரத்தை அடுத்த முறை கேட்கும்போது, அது பழுதான மின்கருவியன்று என்பதை அறிந்து ஒலிவாங்கியைக் கீழே வைப்பார்.